உயர்தரப் பிள்ளைகளின் ஆங்கிலக் கேட்டலையும் வாசிப்பையும் சோதிப்பது எப்படி? மலையகத்துக்கு வரும் புதிய ஆசிரியர்களுக்கு

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியராக நியமனம் கிடைத்திருக்கிறது. தரம் 12, 13ஐ உங்கள் கையில் தருகிறார்கள். கொஞ்ச நாளிலேயே பகுதித் தலைவர் வந்து, "பிள்ளைகள் எந்த லெவலில இருக்குன்னு ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க சேர்" என்பார். உடனே கைக்கு அகப்படுவது பழைய வினாத்தாள்தான். போட்டோகொப்பி அடித்துக் கொடுத்தால் ஏதோ ஒரு புள்ளி வந்துவிடும். 38 எடுத்த பிள்ளைக்கு வாசித்தது விளங்கவில்லையா, விளங்கியும் எழுதத் தெரியவில்லையா, கேட்கவே பழக்கம் இல்லையா என்பதை அந்தப் புள்ளி சொல்லாது.

சாதாரண தரத்திலும் சரி, உயர்தரத்திலும் சரி, பிள்ளைகள் எழுதிப் பழகியிருப்பது எழுத்துத் தாள்கள். உயர்தரப் பொது ஆங்கிலம் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேர்வதில்லை என்பதால் அதற்குக் கிடைக்கும் அக்கறையும் அந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் கம்பஸுக்குப் போன பிள்ளை முதல் விரிவுரையிலேயே ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டிவரும். கொழும்பில் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு போனில் ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆகவே இந்த இரண்டு திறனையும் தனியாகச் சோதித்துப் பார்ப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. எப்படிச் செய்யலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில்: எதைச் சோதிக்கிறீர்கள்?

வினா எழுத உட்காருவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். "இந்தச் சோதனை முடிந்ததும் பிள்ளைகளைப் பற்றி எனக்கு எது தெரிய வேண்டும்?" என்ற கேள்விக்கான பதில் அது. "ரயில் நிலைய அறிவித்தலைக் கேட்டு நேரத்தையும் மேடையையும் பிடித்துக்கொள்வார்களா?", "ஒரு பக்கப் பத்திரிகைச் செய்தியை வாசித்து எழுதியவரின் கருத்தைச் சொல்வார்களா?" என்ற மாதிரி இருக்கட்டும். "ஆங்கில அறிவைச் சோதித்தல்" என்று எழுதினால் அது ஒன்றுக்கும் உதவாது.

அளவுகோல் ஒன்று வேண்டுமென்றால் ஐரோப்பியப் பேரவை 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம் இருக்கிறது. ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள். தெளிவான, சின்ன, எளிய அறிவித்தலைக் கேட்டு முக்கிய விஷயத்தைப் பிடிப்பது ஏ2. பாடசாலை, வேலை, ஓய்வுநேரம் என்று பழகிய விஷயங்களைப் பற்றிய தெளிவான பேச்சில் முக்கியக் கருத்தைப் பிடிப்பது பி1. தரம் 12இன் தொடக்கத்தில் இந்த இரண்டுக்கும் இடையில் சோதனையை வைத்தால் வகுப்பில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது ஓரளவு தெரியும்.

இன்னொன்று. உரத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பது வாசிப்புச் சோதனை ஆகாது. அழகான உச்சரிப்போடு ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்று கேட்டால் விழிக்கிற பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. தட்டுத்தடுமாறி வாசித்தாலும் முழுக்க விளங்கிக்கொண்ட பிள்ளையும் உண்டு. கிரகித்தலைப் பார்க்க வேண்டுமென்றால் மௌனமாக வாசிக்க விடுங்கள்.

பந்தியைத் தேர்ந்தெடுத்தல்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பந்தி சரியில்லை என்றால் வினா எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

மலையகத்துக்கு வருகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது தேயிலை. பிள்ளைகளுக்குப் பழகிய விஷயம், ஆர்வமாக வாசிப்பார்கள் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கிரகித்தல் சோதனைக்கு அது ஒரு பொறி. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார் என்று ஒரு பந்தி கொடுத்துவிட்டு, "தேயிலையை முதலில் வர்த்தக ரீதியாகப் பயிரிட்டவர் யார்? எந்த ஆண்டு?" என்று கேட்டால், சமூகக்கல்வியில் படித்த எந்தப் பிள்ளையும் பந்தியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் எழுதிவிடும். தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டு, உலர்த்தி, தரம் பிரிக்கும் ஒழுங்கைக் கேட்டாலும் அதே கதைதான். அம்மாவோ மாமாவோ ஃபெக்டரியில் வேலை செய்கிற பிள்ளைக்கு அது மனப்பாடம். டவுனில் கடை வைத்திருக்கிறவரின் பிள்ளைக்கு அப்படியில்லை. இரண்டு பேரின் புள்ளிக்கும் இடையில் வருகிற வித்தியாசம் ஆங்கிலத்தால் வந்தது அல்ல.

அதற்காகத் தேயிலையையே தொடக்கூடாது என்றில்லை. பழகிய விஷயத்தில் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் வந்தபோது தோட்ட உரிமையாளர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஒரு பந்தி எழுதலாம். வினாவும் "எந்த ஆண்டு?" என்று இருக்கக்கூடாது. "இவர்கள் நோயைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதியவர் நினைப்பதை எந்த வரி காட்டுகிறது?" என்று கேட்டால் பந்தியை வாசித்தே ஆக வேண்டும்.

பந்தி சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வினாக்களை மட்டும், பந்தி இல்லாமல், இந்தச் சோதனையை எழுதப்போகாத வேறொரு வகுப்பில் நாலைந்து பிள்ளைகளிடம் கொடுங்கள். பந்தியே இல்லாமல் எல்லாரும் சரியாக எழுதும் வினாவை வெட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். ஆனால் இதைச் செய்கிறவர்கள் குறைவு.

சில தலைப்புகளைத் தவிர்ப்பது நல்லது. மண்சரிவு அதில் முதலாவது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததும், அதற்குப் பிறகு மழைக்காலங்களில் நடந்தவையும் இங்கே பல வீடுகளுக்குச் செய்தித்தாள் விஷயம் அல்ல. பரீட்சை மேசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அங்கே கொண்டுபோக வேண்டாம். குடிப்பழக்கம், குடும்பக் கடன், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாய் ஆகியவையும் அப்படித்தான். இவற்றை வகுப்பில் பேசலாம், சோதனையில் வேண்டாம்.

நீளம்: தரம் 12க்கு 250 முதல் 350 சொற்கள் வரை போதும். கதை, கட்டுரை மட்டும் கொடுக்காமல் விண்ணப்பப் படிவம், மருந்துப் போத்தல் லேபிள், வங்கி அறிவித்தல் போன்றவற்றையும் கலந்து கொடுங்கள். வீட்டில் ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்கிறவர் பெரும்பாலும் இந்தப் பிள்ளைதான்.

வினா எழுதுதல்

எழுதிய ஒவ்வொரு வினாவையும் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள். வாசிக்காமல், கேட்காமல் இதற்குச் சரியான விடை எழுத முடியுமா? நன்றாக விளங்கிய பிள்ளை இதைப் பிழையாக எழுத வாய்ப்பிருக்கிறதா? இரண்டுக்கும் "இல்லை" என்ற பதில் வந்தால் வினாவை வைத்துக்கொள்ளலாம்.

சரி/பிழை வினா இருபது போட்டால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாகப் பத்துச் சரியாகும். நான்கு தெரிவுள்ள பல்தேர்வு வினா இருபதில் ஐந்து அதிர்ஷ்டத்தில் கிடைக்கும். சரி/பிழை போடுவதென்றால், எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று வரி இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் சரியென்றால்தான் புள்ளி. பல்தேர்வில் சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருப்பதும், பந்தியில் இருக்கும் அதே சொற்றொடர் சரியான விடையில் அப்படியே வருவதும் அடிக்கடி நடப்பவை. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், இரண்டாவது சோதனையிலேயே இதைப் பிடித்துவிடுவார்கள்.

வினாக்களின் வகையையும் கலந்து போடுங்கள். பொருத்தமான தலைப்பைத் தெரிதல், ஒரு தகவலைத் தேடி எடுத்தல், நேராகச் சொல்லாததை ஊகித்தல், "அது", "அவர்கள்" என்று வருமிடத்தில் யாரைச் சொல்கிறது என்று கண்டுபிடித்தல், தெரியாத சொல்லின் கருத்தைச் சூழலிலிருந்து எடுத்தல். பழைய தாள்களைப் பார்த்து எழுதினால் பத்தில் எட்டு தகவல் தேடும் வினாவாகப் போய்விடும். தகவல் தேடும் வினாவுக்குப் பந்தி விளங்கவே தேவையில்லை. வினாவில் உள்ள சொல்லைப் பந்தியில் கண்டுபிடித்து, அந்த வரியைப் பார்த்து எழுதினால் போதும்.

விடையை எந்த மொழியில் எழுதச் சொல்வது? இதில் சக ஆசிரியர்களோடு தர்க்கம் வரத் தயாராக இருங்கள். பிள்ளையின் நிலையை அறியும் சோதனை என்றால் தமிழில் எழுத விடுங்கள் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் பார்ப்பது கேட்டதும் வாசித்ததும் விளங்கியதா என்பதை. விளங்கியதை ஆங்கிலத்தில் எழுத வராத பிள்ளைக்கு பூச்சியம் போட்டால், வாசிப்பில் பலவீனம் என்று பிழையாக முடிவெடுத்து, ஒரு தவணை முழுக்கத் தேவையில்லாத பயிற்சி கொடுப்பீர்கள். பரீட்சைக்கு ஆயத்தமாகும் சோதனை வேறு. அதில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் குழப்பாதீர்கள்.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. வில்சன் டெய்லர் 1953இல் அறிமுகப்படுத்திய இடைவெளி நிரப்பல் முறை அது. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் முழுமையாக விட்டு, நடுவில் ஒவ்வொரு ஏழாவது சொல்லையும் எடுத்துவிட வேண்டும். தயாரிக்கக் கால் மணி நேரம் போதும். வகுப்பை மேலோட்டமாகப் பிரித்துப் பார்க்க உதவும். ஏன் பிழைத்தது என்று சொல்லாது.

கேட்டல் சோதனைக்கு ஒலிப்பதிவு

கட்டுரையை எடுத்து உரத்து வாசித்துப் பதிவு செய்யாதீர்கள். எழுத்து நடையைக் காதால் கேட்டு விளங்கிக்கொள்வது நமக்கே கஷ்டம். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும். குறிப்புகளை மட்டும் எழுதிவைத்து, அதைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்தால் இயல்பாக வரும். பிறகு பதிவைக் கேட்டு முழுவதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு மாதிரி. நானுஓயா ரயில் நிலையத்தில் ஓர் அறிவித்தல். பதுளைக்குப் போகும் ரயில் 50 நிமிடம் தாமதம், இரண்டாம் மேடைக்கு வரும், பண்டாரவளைக்கு அவசரமாகப் போக வேண்டியவர்கள் பயணச்சீட்டு அறையில் கேட்கலாம். தாமதத்துக்குக் காரணம் என்ன? மலைநாட்டு ரயில் பாதை என்றதும் எல்லாரும் ஊகிப்பது பாதையில் மண் சரிந்துவிட்டது என்பதைத்தான். அதனால் காரணத்தை இன்ஜின் கோளாறு என்று வையுங்கள். அறிவித்தலில் எங்கும் வராத மண்சரிவை யாராவது எழுதினால், கேட்காமலே எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். 50 நிமிடம் என்பதும் காரணத்தோடுதான். பல்தேர்வில் 15ஐயும் போட்டால், ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் காது பிரித்தறிகிறதா என்பது அந்த ஒரு வினாவில் தெரியும். நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் அது.

வேகம்: ஆங்கிலச் செய்தி வாசிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள். வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய கற்போருக்கான ஒலிபரப்பு சுமார் 1500 சொற்களுக்குள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில் போனது. தொடக்கத்துக்கு நிமிடத்துக்கு 110, 120 சொற்கள் வசதியாக இருக்கும். இரண்டு நிமிடப் பதிவென்றால் 240 சொற்களுக்குள். சொற்களை இழுத்து இழுத்துப் பேசாதீர்கள், அப்படி யாரும் பேசுவதில்லை. சொற்களை வழக்கம்போல் சொல்லி, வாக்கியங்களுக்கு நடுவில் கொஞ்சம் கூடுதலாக நிறுத்துங்கள்.

குரல் உங்களுடையதாகவே இருக்கலாம். இலங்கையர் பேசும் ஆங்கிலம் கேட்டல் சோதனைக்குக் குறைந்தது அல்ல, பிள்ளைகள் வாழ்க்கையில் அதிகம் கேட்கப்போவதும் அதுதான். ஆனால் எப்போதும் ஒரே குரல் என்றால் உங்கள் பேச்சு மட்டும் பழகிப்போகும். கணித சேரிடமோ, பேருவளையில் இருக்கும் உங்கள் தோழியிடமோ வட்ஸ்அப்பில் ஒரு பதிவு கேட்டு வாங்குங்கள். போனிலேயே பதியலாம். ஜன்னலைச் சாத்தி, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, போர்வை விரித்த கட்டிலில் உட்கார்ந்து பேசினால் எதிரொலி குறையும்.

மழை, கரண்ட், பின்வரிசை

தகரக் கூரைக்குக் கீழே கேட்டல் சோதனை வைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வானத்தை. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே தொடக்கம் செப்டெம்பர் வரை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பெருமழை. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் பின்னேரம் இடியோடு கொட்டும். ஆகவே மேற்குச் சரிவில் இருந்தால் கேட்டல் சோதனையை ஜனவரி முதல் மார்ச் வரைக்குள்ளும், ஊவாப் பக்கம் என்றால் ஜூலையை ஒட்டியும் போட்டுக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் காலை முதல் இரண்டு பாடவேளைக்குள் முடித்துவிடுங்கள். பாடசாலை ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தால் கோச்சி வரும் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியும் மழை வரும். அதற்காகத்தான் கேட்டலையும் வாசிப்பையும் வெவ்வேறு தாளில் அச்சடிக்கச் சொல்கிறேன். மழை பிடித்தால் வாசிப்புத் தாளை முதலில் கொடுத்துவிட்டு, விட்டதும் கேட்டலுக்கு வரலாம். ஒரே தாளில் இரண்டும் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஸ்பீக்கரை ஆசிரியர் மேசையில் வைப்பது வழக்கம். அதை நடுவரிசைக்குக் கொண்டுவந்து ஒரு கதிரையின் மேல் வையுங்கள். சோதனைக்கு முன், புள்ளியில்லாத ஒரு சின்னப் பதிவைப் போட்டு, பின்வரிசையில் நீங்களே போய் நின்று கேளுங்கள். மின்வெட்டை நம்பமுடியாது, முந்தின இரவே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். எல்லாம் கைவிட்டால் எழுதி வைத்த உரை இருக்கிறதே, அதை நீங்களே அதே வேகத்தில் வாசிக்கலாம்.

நடத்தும் ஒழுங்கு: வினாத்தாளைக் கொடுத்து ஒரு நிமிடம் வினாக்களை வாசிக்க விடுங்கள். பிறகு பதிவைப் போடுங்கள். அரை நிமிடம் இடைவெளி விட்டு மறுபடியும் ஒருதரம். எழுதி முடிக்க ஒரு நிமிடம். வினாவை மறைத்து வைத்துவிட்டுப் பதிவு முடிந்தபின் கொடுத்தால் நீங்கள் சோதிப்பது ஞாபகசக்தியை. குறிப்பெடுக்கவும் விடுங்கள். ஒருதரமா இருதரமா என்றால், தொடக்கத்தில் இருதரம், தரம் 13இன் நடுப்பகுதிக்குமேல் ஒருதரம். ஐஈஎல்டிஎஸ் பரீட்சையில் 40 கேட்டல் வினாக்களுக்கும் பதிவை ஒருதரம்தான் போடுவார்கள். வெளிநாட்டுப் படிப்பு யோசனையில் இருக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

கலைப் பிரிவுக்குத் திங்கள், வர்த்தகப் பிரிவுக்குப் புதன் என்று வைத்தால் செவ்வாய் பஸ்ஸிலேயே விடை போய்ச் சேர்ந்துவிடும். இரண்டாவது வகுப்புக்கு மேடை இலக்கத்தையும் நிமிடத்தையும் காரணத்தையும் மாற்றி இன்னொரு பதிவு வைத்திருங்கள்.

திருத்தலும் அதற்குப் பிறகும்

விடைக்குறிப்பைச் சோதனைக்கு முன்பே எழுதுங்கள். எழுத்துப்பிழைக்குப் புள்ளி வெட்ட வேண்டாம். என்ன சொல் என்று அடையாளம் தெரிந்தால் சரி. கேட்டலுக்கு 20, வாசிப்புக்கு 20 என்று தனித்தனியாக வையுங்கள், கூட்டி ஒன்றாக்க வேண்டாம். ஏ, பி, சி என்று தரம் போடவும் அவசரப்படாதீர்கள்.

அடுத்த வேலை வினாக்களைத் திருத்துவது. கேட்டல் தாள்களைக் கேட்டல் புள்ளியின்படியும் வாசிப்புத் தாள்களை வாசிப்புப் புள்ளியின்படியும் தனித்தனியாக அடுக்கி, மேலிருந்து 27 வீதத்தையும் கீழிருந்து 27 வீதத்தையும் பிரித்தெடுங்கள். 30 பிள்ளைகள் என்றால் இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர். ஒரு வினாவை மேல் எட்டில் 7 பேரும் கீழ் எட்டில் 2 பேரும் சரியாகச் செய்திருந்தால், 16 பேரில் 9 பேர் சரி. கடினம் அளவாக இருக்கிறது, கெட்டிக்காரரையும் பிரித்துக் காட்டுகிறது. நல்ல வினா. மேல் எட்டில் 3, கீழ் எட்டில் 5 என்று வந்தால் பிழை பிள்ளைகளிடம் இல்லை. பெரும்பாலும் இரண்டாவது ஒரு விடைக்கும் இடமிருக்கும், ஆழமாக வாசித்தவர்கள் அதற்குள் போயிருப்பார்கள். அந்த வினாவுக்கு எல்லாருக்கும் புள்ளி கொடுத்துவிட்டு, அடுத்த முறைக்கு மாற்றி எழுதுங்கள். எல்லாரும் சரியாகச் செய்த வினா எதையும் பிரித்துக் காட்டாது. ஆனால் முதல் வினா அப்படி இருப்பதில் தப்பில்லை, பிள்ளைகளுக்குப் பயம் தெளியும்.

விடைத்தாளைக் கொடுக்கும் பாடவேளையில் பதிவை மறுபடி போடுங்கள். இந்த முறை எழுதி வைத்த உரையும் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை அவர்களே குறிக்க வேண்டும்: காதில் விழவில்லை, விழுந்தும் விளங்கவில்லை, விளங்கியும் எழுதத் தெரியவில்லை. காதில் விழவில்லை என்பவர்கள் அதிகமென்றால் தினமும் ஐந்து நிமிடம் கேட்கப் பழக்க வேண்டும். சொல்வதெழுதல்கூட நல்ல பயிற்சிதான். விளங்கவில்லை என்றால் சொல்வளம். எழுதத் தெரியவில்லை என்றால் கேட்டலை விட்டுவிட்டு எழுத்தைப் பிடியுங்கள்.

விடைத்தாளைப் பிள்ளைகள் வைத்துக்கொள்ளட்டும். வினாத்தாளையும் உரையையும் எண்ணி வாங்கி அலுமாரியில் பூட்டிவிடுங்கள். நன்றாக வேலை செய்த வினாக்களை ஒரு கொப்பியில் தனியாக எழுதி, பக்கத்துப் பாடசாலை ஆங்கில டீச்சரோடு மாற்றிக்கொண்டால் அடுத்த தவணைக்குப் பாதி வேலை குறையும். அவர் குரலில் ஒரு பதிவும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.